சம்பளக் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு



டாலஸில் நம் கம்பெனியின் அலுவலகத்திலும் கிடங்கிலும் உங்களைத் தெரியாதவர் இல்லை. ஆனால் நீங்கள் எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்பது பலருக்குத் தெரியாது. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இந்த நன்றியை இங்கே எழுதுகிறேன்.

மருத்துவச் செலவுக்கும் வீட்டில் பராமரிப்பு தேவைப்படுவோருக்கும் வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து தனித்தனிக் கணக்கில் பணம் ஒதுக்கிக்கொள்ளலாம். இதற்கு அடிப்படையான சட்டப்பிரிவு அமெரிக்காவில் 1978-லேயே வந்துவிட்டது; பராமரிப்புச் செலவுக்கான பிரிவு 1981-இல் வந்தது. ஆனால் தொழிலாளி தானாகப் போய் இந்தக் கணக்குகளைத் தொடங்க முடியாது. கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

நம் முதலாளி தயங்கியதிலும் நியாயம் இருந்தது. மருத்துவக் கணக்கில் ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கிய தொகையை, ஒரு மாதச் சம்பளம்கூடப் பிடிப்பதற்கு முன் ஜனவரியிலேயே செலவழிக்கலாம். பிப்ரவரியில் அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் மீதியைத் திருப்பிக் கேட்க முடியாது. நட்டம் கம்பெனிக்கு. நீங்கள்தான் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்: நாங்கள் ஒதுக்கும் பணத்துக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியாகக் கம்பெனி கட்டவேண்டிய 7.65 சதவீதமும் மிச்சமாகும் என்று. ஆண்டு முடிவில் செலவாகாத மருத்துவப் பணத்தில் சட்டம் அனுமதிக்கும் அளவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வாதாடி வாங்கினீர்கள்.

பக்கவாதம் வந்த பிறகு என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பராமரிப்புக் கணக்கு குழந்தைகளின் டே கேருக்கு மட்டும்தான் என்று நினைத்து நான் அந்தப் படிவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்களாக என் மேசைக்கு வந்து, "அம்மா உங்க வீட்லதானே இருக்காங்க? பாதிக்கு மேல செலவு நீதானே பார்க்குற? தனியா விட முடியாதுன்னா அவங்களுக்கும் உண்டுப்பா" என்றீர்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போவதால் பகலில் அம்மா இருக்கும் முதியோர் மையத்தின் கட்டணம் இந்தக் கணக்கில் அடங்கியது. மையத்தின் வரி எண்ணை முதலிலேயே வாங்கி வைக்கச் சொன்னதும், இதில் சம்பளத்தில் பிடித்த வரைதான் எடுக்க முடியும் என்று எச்சரித்ததும் நீங்கள்தான். குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று பல காலம் நின்றுபோயிருந்த உச்சவரம்பு 2026 முதல் 7,500 ஆகியிருக்கிறது. 22 சதவீத வருமான வரியும், தங்கள் பங்காக அதே 7.65 சதவீதமும் கட்டும் எங்களைப் போன்ற வீட்டுக்கு, முழுத்தொகையையும் ஒதுக்கினால் ஆண்டுக்கு 2,200 டாலருக்கு மேல் கையில் நிற்கும். அம்மாவின் காது கேட்கும் கருவியை ஜனவரியிலேயே வாங்க முடிந்தது மருத்துவக் கணக்கால்.

இதையெல்லாம்விடப் பெரிதாக நான் நினைப்பது, நீங்கள் கிடங்குக்குப் போனதை. பராமரிப்புக் கணக்கின் பயன் பெரிய சம்பளக்காரர்களிடமே தங்கிவிடாமலிருக்கச் சட்டம் ஒரு சோதனை வைத்திருக்கிறது: மற்ற ஊழியர்களுக்குக் கிடைக்கும் சராசரிப் பயன், பெரிய சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் சராசரியில் 55 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கு தேறினால் போதும் என்று நீங்கள் இருக்கவில்லை. இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று ஒவ்வொருவர் வீட்டு நிலவரத்தையும் கேட்டீர்கள். குறைந்த சம்பளம் வாங்கும் ஒரு தாயிடம், "வரித் தாக்கல்ல கிடைக்குற கழிவு உனக்கு இதைவிட லாபமா இருக்கலாம், பார்த்துட்டு கையெழுத்துப் போடு" என்று சொன்னீர்களே, அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

நவம்பரில் மறுபடி பதிவு தொடங்கும். இந்த முறை இரவு ஷிஃப்ட் கூட்டத்துக்கு நானும் உங்களோடு வருகிறேன். வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் நான் பேசுகிறேன்.


உங்கள் தம்பி