பாறையில ரெண்டு எழுத்து

முதல்லயே ஒத்துக்கிறேன். திருக்கழுக்குன்றம் மலையோட பின்பக்கம், கிரிவலப் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஒரு பாறையில ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு வருஷமும் கீறியிருக்கும். நீங்க எப்பவாவது அதைப் பார்த்து "எந்த லூசுடா இது"ன்னு நினைச்சிருந்தா, அந்த லூசு நான்தான்.

ஃபர்ஸ்ட் இயர். செங்கல்பட்டுலேர்ந்து மகாபலிபுரத்துக்கு பைக்ல போறப்ப, வழியிலதானே இருக்குன்னு நிறுத்தினோம். டூல் கிட்ல ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் அந்தப் பாறையையே மறந்துட்டேன்.

மறுபடி அங்க போனது தேர்ட் இயர்ல, ஓட ஆரம்பிச்சப்ப. ஹாஸ்டல் கிரவுண்டையே சுத்திச் சுத்தி போர் அடிச்சுப்போய், யூடியூப்ல ட்ரெயில் ரன்னிங் வீடியோ பார்த்து, நமக்குப் பக்கத்துல என்ன மலை இருக்குன்னு தேடினா இதுதான் வந்தது. சுமார் 500 அடி உயரம். பாறையும் புதர்க்காடும். உச்சியில வேதகிரீஸ்வரர், அடிவாரத்துல பக்தவத்சலேஸ்வரர். அதைத் தாழக்கோயில்னுதான் ஊர்ல சொல்றாங்க. வீடியோவுல காட்டின ஆல்ப்ஸ் மலை மாதிரி இல்லதான். ஆனா ஆல்ப்ஸ்ல ஓடி முடிச்சதும் பொங்கல் வடை கிடைக்காது.

முதல் நாளே தப்பு பண்ணினோம். எந்தப் பக்கமா சுத்தறதுன்னு யோசிக்காம இடது பக்கமா ஓடினோம். எதிர்ல வெறுங்கால்ல நடந்து வந்த ஒரு பாட்டி நிறுத்தி, "வலமா போங்கப்பா, இது என்ன கிரவுண்டா?"ன்னாங்க. திரும்பிட்டோம். அன்னிலேர்ந்து வலம்தான்.

ரோட்டுல ஓடறதுக்கும் மலையோரம் ஓடறதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டீங்கன்னா, இங்க வாட்ச்சைப் பார்க்க முடியாது. கண்ணு தரையிலதான் இருக்கணும். ஆட்டுப் பாதையில உருளைக்கல்லு, சீமைக்கருவேல முள்ளு. ஒரு தடவை முள்ளு ஷூவோட அடிப்பாகத்தைத் துளைச்சு உள்ள வந்துடுச்சு. செங்குத்தா ஏறுற இடத்துல நடக்கலாம், பெரிய பெரிய ரன்னர்ஸே நடப்பாங்க. இது தெரிஞ்சப்ப வந்த நிம்மதி இருக்கே!

அப்படித் தரையைப் பார்த்து ஓடினப்பதான், ஒரு திருப்பத்துல தலையைத் தூக்கினா, என் எழுத்து. ரெண்டு வருஷம் ஆகியும் வெள்ளையா அப்படியே இருந்தது. நான் நிக்கல. கூட வந்தவங்களுக்கும் சொல்லல.

ஓட்டம் முடிஞ்சு டீ குடிச்சிட்டு, கோயில் திறந்திருக்கற நேரத்துல மலை ஏறுவோம். 560-க்கு மேல படிகள். அங்க ஓட மாட்டோம். செருப்பில்லாம, குரங்குக்குப் பயந்துக்கிட்டே ஏறணும். தினமும் உச்சிவேளையில ரெண்டு கழுகு வந்து பூசாரி கையால பொங்கல் சாப்பிட்டுப் போனது இந்த மலையிலதான். அது மஞ்சள்முகப் பாறு. 1990-களோட கடைசியில வர்றது நின்னுபோச்சு. எங்க அம்மா சின்ன வயசுல பார்த்திருக்காங்க. நான் ஃபோட்டோவுலதான் பார்த்தேன்.

இறங்குற வழியில ஒருகல் மண்டபம். பல்லவர் காலத்துக் குடைவரை, ஒரே பாறையைக் குடைஞ்சது. அங்கதான் எனக்கு வியர்வை திரும்ப வந்தது. அங்க இங்கிலீஷ் மாதிரி எழுத்துல பேர் பேரா வெட்டியிருக்கு. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரங்க. கிழக்கே கடற்கரையில சதுரங்கப்பட்டினத்துல அவங்களுக்கு வியாபாரக் கிடங்கு இருந்தது, கோட்டை இன்னும் நிக்குது. அங்கேர்ந்து மலை பார்க்க வந்தவங்க பேரை வெட்டிட்டுப் போயிருக்காங்க. என்னை மாதிரியே. இந்த மலையில இருக்கற பழைய எழுத்துலயே இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்குச் சுலபமா எழுத்துக் கூட்ட வந்தது அது ஒண்ணுதான்.

படிக்கத் தெரியாத கல்வெட்டைப் பத்தி அப்புறம் தேடினேன். முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இந்த ஊர்ல இருக்கு. ஸ்கந்தசிஷ்யன்னு ஒரு பழைய அரசன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அதைக் காப்பாத்தினார், இப்ப நானும் காப்பாத்தறேன்னு சொல்லுது. தனக்கு முன்னாடி கொடுத்தவன் பேரையெல்லாம் முதல்ல போட்டிருக்கான் மனுஷன். நான் டூல் கிட்டைத் தவிர எதையும் கொண்டுபோகல.

இப்ப மண்டபம் தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கு. அதுல நான் கீறியிருந்தா 1958 சட்டப்படி, 2010 திருத்தத்துக்கு அப்புறம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. நான் கீறினது வெறும் பாறைதானேன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

போன மாசம் ரெண்டு ஃபர்ஸ்ட் இயர் பசங்களைக் கூட்டிட்டுப் போனேன். அந்தத் திருப்பத்துல ஒருத்தன் நின்னுட்டான். "அண்ணா, இது உங்க இனிஷியல் மாதிரியே இருக்கே?" "தெரியலடா, யாரோ"ன்னேன். அடுத்த நிமிஷம் அவன் குனிஞ்சு ஒரு கூரான கல்லைத் தேடினான். வேணாம்னு தடுத்தேன். "ஏண்ணா, ஏற்கனவே ஒருத்தர் எழுதியிருக்காரே?" பதில் வரல. "லேட் ஆகுது, வா"ன்னு ஓடிட்டேன்.

மறுவாரம் தனியா போனேன். தண்ணி பாட்டிலும் தேங்காய் நாரும் எடுத்துக்கிட்டு. அரை மணி நேரம் தேய்ச்சதுல படிஞ்சிருந்த தூசி போய், எழுத்து முன்னைவிடப் பளிச்னு ஆயிடுச்சு. சிவில் படிக்கற ரூம்மேட் விளக்கினான். பாறையோட மேல்தோல் வெயிலும் மழையும் பட்டுக் கறுத்தது, கீறினா உள்ளே இருக்கற புதுக்கல் வெளுப்பாத் தெரியும், அது மறுபடி கறுக்க ரொம்பக் காலம் ஆகும்னான். எவ்வளவுன்னு கேட்டேன். "நீ பார்க்க மாட்டே"ன்னான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போறோம். காலையில அஞ்சு மணிக்கு ஹாஸ்டல் கேட். அந்த ரெண்டு பசங்களும் வர்றாங்க, நீங்களும் வரலாம். இந்தத் தடவை அந்தத் திருப்பத்துல நான் நிப்பேன்.