நிலவரி இல்லாத தெரு
(மலேசியப் பயணம் – 5)

ஈப்போவில் ரயிலேறி பட்டர்வொர்த்தில் இறங்கியதோடு போன இதழில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் போக 1985-இல் திறந்த பாலம் இருக்கிறது. 2014-இல் திறந்த இன்னொரு பாலமும் இருக்கிறது. நான் ஃபெர்ரியில் போனேன். ஜார்ஜ் டவுன் கடலைப் பார்த்துக் கட்டிய ஊர். அதன் முதுகுப் பக்கமாக டாக்சியில் போய் இறங்க எனக்கு மனம் வரவில்லை. கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய இரண்டடுக்கு ஃபெர்ரிகளை 2020-ஓடு நிறுத்திவிட்டார்கள். 2023-இலிருந்து ஓடுபவை ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றிக்கொள்ளும் புதியவை. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. பின்னால் பினாங்கு மலை, நடுவில் எல்லாவற்றுக்கும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும் கோம்தார் கோபுரம், கரையோரம் முழுக்கத் தாழ்ந்த ஓட்டுக் கூரைகள். இத்தனை பணம் புரளும் ஊரில் அந்தக் கூரைகளை யாரும் இடிக்காமல் விட்டது எப்படி? அன்று முழுக்க நான் நடந்தது இந்தக் கேள்வியோடுதான்.

ஃபெர்ரி முனையத்தை விட்டு வெளியே வந்தால் வெல்ட் கீ. பெயர் ஆங்கில ஆளுநர் ஃபிரெடரிக் வெல்டுடையது. 1880-களில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய கரை இது. அதற்கு முன் அலை வந்து மோதியது சற்று உள்ளே தள்ளி, பீச் ஸ்ட்ரீட்டில். இடப்பக்கம் திரும்பிச் சில நிமிடம் நடந்தால், சாலைக்கும் கடலுக்கும் நடுவே சீனர்களின் குலப் படகுத்துறைகள் வரிசையாக வருகின்றன: லிம், சியூ, தான், லீ, பல குலத்தாரும் கலந்து வாழும் துறை ஒன்று, கடைசியில் இயோ. ஒவ்வொன்றும் ஒரு தெரு. தெருவுக்குக் கீழே மண் கிடையாது. சேற்றில் ஊன்றிய கால்கள், அவற்றின் மேல் பலகை, பலகையின் இருபுறமும் வீடுகள். தென் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்திலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள், வெல்ட் கீ உருவானதும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டார்கள். நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே படகில் சரக்கும் ஆளும் ஏற்றி இறக்குவது தொழில். ஒரே ஊர், ஒரே குலப்பெயர் உள்ளவர்கள் ஒரு துறையில். அடுத்த குலத்தின் துறையில் போய்ப் படகு கட்டினால் சண்டைதான்.

சியூ துறைதான் பெரியது. எழுபத்தைந்து வீடுகள் வரை இருக்கும். முகப்பில் குலக்கோயில். அதைத் தாண்டியதும் இருபுறமும் பனியன், சாவிக்கொத்து, டுரியன் ஐஸ்கிரீம். வீட்டு முன்னறைகள் கடைகளாகிவிட்டன. காலை எட்டரைக்கே ஒரு சுற்றுலாக் கும்பல் கொடிக்கம்புப் பெண்மணியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்துத் தான் துறைக்கு நழுவினேன்.

அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. குனிந்து பார்த்தால் கட்டுமானம் புரிகிறது. பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி. கீழே கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் கருஞ்சேறு, அதில் துள்ளும் சேற்று மீன்கள். முதலில் மரக்கால்கள்தான் இருந்தனவாம். உப்பு அரித்தபின் ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார்கள்: உருளை உறைக்குள் சிமென்ட்டை ஊற்றி இறுகவைத்த தூண்கள். சில தூண்களில் அந்த உறையின் வளையம் இன்னும் தெரிகிறது. வீட்டு வாசல்தோறும் தபால் பெட்டி, சிவப்பு விளக்கு, ஊதுவத்தி செருகிய தகரக்குவளை. ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே வந்தபோது தெரு முழுக்கத் தடதடவென்று அதிர்ந்தது. பயந்தது நான் மட்டும்தான். திண்ணையில் படுத்திருந்த பூனைகூட அசையவில்லை.

அந்தத் திண்ணையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என் அரைகுறை மலாயும் அவருடைய அரைகுறை ஆங்கிலமும் ஒருவழியாக ஒத்துப்போயின. “பாக் சிக், வீடு உங்களுடையதா?” என்று கேட்டேன். “வீடு என்னுடையது. கீழே இருக்கிற தண்ணீர் அரசாங்கத்துடையது” என்றார். விஷயமே இதுதான். நிலம் இல்லாததால் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் நிலவரியும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற தற்காலிக உரிமம் ஒன்றை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அடமானம் வைக்கவோ விற்கவோ வழியில்லாத இடத்தை எந்த வங்கி சீண்டும், எந்த அடுக்குமாடிக்காரர் விலை பேசுவார்? பெரியவரின் பிள்ளைகள் பாயான் லெப்பாஸில் மின்னணு ஆலையில் வேலை. குடியிருப்பதும் அந்தப் பக்கமே. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் இரவு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்களாம். ஹொக்கியன் மக்கள் தங்கள் முன்னோரைக் கரும்புத் தோட்டத்தில் ஒளித்துக் காப்பாற்றிய வானுலக வேந்தருக்கு நன்றி சொல்லும் இரவு அது. அன்றைக்கு வாசலெங்கும் கரும்பு கட்டியிருக்கும், மேசையெங்கும் படையல்.

பட்டா இல்லாதது காப்பாற்றவும் செய்யும், கழுத்தையும் அறுக்கும். வரிசையின் தென்கோடியில் கோயே, பெங் ஆன் என்று இன்னும் இரண்டு துறைகள் இருந்தன. கோயே குலத்தார் சீனாவின் ஹுய் முஸ்லிம்களின் வழிவந்தவர்கள். பல தலைமுறைக்கு முன்பே மதம் நழுவிப்போன பிறகும், முன்னோருக்குப் படைக்கும்போது பன்றிக்கறி வைக்காத வழக்கம் மட்டும் அவர்களிடம் நின்றிருந்தது. 2006-இல் குடியிருப்புத் திட்டத்துக்காக அந்த இரண்டு துறைகளையும் இடித்துவிட்டார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டே ஆண்டு.

சாலையைக் கடந்து அர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தால் கரைமேல் உள்ள வீடுகளின் கதை. கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடைபாதை. இவையும் யாரோ ஆசைப்பட்டுக் காத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாமல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. உரிமையாளருக்கு இடித்துக் கட்ட வழியில்லை, பழுது பார்க்க மனமில்லை. போதாக்குறைக்கு 1969-இல் ஊரின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியும் போனது. பணம் வேறு பக்கம் திரும்பியது. ஓடு சரிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து, வீடுகள் அப்படியே நின்றன. 2000-இல் சட்டம் விலகியது. வாடகை ஏறியது, தையற்காரர், தச்சர், ஊதுவத்தி உருட்டியவர் என்று பலர் வெளியேறினார்கள். அதன்பின் காபிக் கடைகள் வந்தன. 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற லிதுவேனிய இளைஞர், சுவரில் நிஜமான பழைய சைக்கிளைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகள் ஏறியிருப்பதாக ஓவியம் தீட்டினார். நல்ல ஓவியம். அதன் முன்னே நிற்கும் வரிசையைப் பார்த்ததும் எனக்கு ஆர்வம் போய்விட்டது. பின்சுவரில் பெயர் தெரியாத யாரோ பூசிய நீலச் சுண்ணாம்பு உதிர்ந்து நான்கு அடுக்கு நிறம் தெரிந்தது. அதை நின்று பார்த்தேன்.

இங்கிருந்து பள்ளிவாசல் கூப்பிடு தூரம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்ற வணிகர் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் மசூதி. அதே சாலையில் வடக்கே சீனர்களின் குவான் யின் கோயில், அதையும் தாண்டி 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஒரு தெரு தள்ளி, 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வாசலில் நின்று நம் பழைய பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாடு நாசி கண்டார். வெல்ட் கீயில் மூட்டை தூக்கியவர்களுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, ஒரு முனைக் கூடையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுச் சுமந்து விற்ற சாப்பாடு இது. தடி போய்விட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள் பாத்திரங்கள் வந்துவிட்டன. பரிமாறியவர் கையில் நான்கு கரண்டி. சோற்றைக் கவிழ்த்தார், கணவாய் ஒரு கரண்டி, மீன் சினை ஒரு துண்டு, வெண்டைக்காய் இரண்டு. பிறகு நான் வாய் திறக்கும் முன் மீன் குழம்பு, கோழிக் குருமா, மாட்டுக் குழம்பு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்ற வந்தார்.

“அண்ணே, மாடு வேணாம்.”

“சரி தம்பி, மத்த ரெண்டும் விழட்டும். கலந்தாத்தான் ருசி. ஊரு எது?”

“மதுரை. உங்களுக்கு?”

“அத்தா கடையநல்லூரு. நான் பொறந்தது இங்கதான். குத்தாலத்துல தண்ணி விழுதா இப்ப?”

விழுகிறது என்றேன். குழம்புகள் தட்டில் ஒன்றாகிச் சோறு மூழ்கிவிட்டது. அவர் சொன்னது சரிதான். தனித்தனியாகத் தொட்டுப் பார்த்ததைவிடச் சேர்ந்ததுதான் ருசி. சரக்குக் கப்பல்கள் எதிர்க்கரைக்கு மாறிவிட்டன, மூட்டை தூக்குபவர்கள் இல்லை. அவர்களுக்காகப் பிறந்த சாப்பாட்டுக்கு இப்போது ஊரே வரிசையில் நிற்கிறது.

சாயங்காலம் கோட்டைப் பக்கம் போனேன். 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் இறங்கிய முனையில் கார்ன்வாலிஸ் கோட்டை. ஒரு போரையும் பார்க்காத கோட்டை. 1603-ஆம் ஆண்டு டச்சு பீரங்கி ஒன்று இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி அதற்குப் பூ வைத்தவர்கள் உண்டு. வெளியே மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி, செல்வந்தர் சியா சென் இயோக்கின் கொடை. கட்டி முடித்தது 1902-இல். ராணி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். உலகப்போர்க் குண்டுவீச்சில் கூண்டு கொஞ்சம் சாய்ந்திருப்பது இப்போதும் தெரிகிறது. இந்தப் பக்கத்துக்கு அரை மணி நேரம் தாராளம்.

என் கேள்விக்குக் கிடைத்த பதில் அவ்வளவு அழகானதில்லை. இந்தக் கரையைக் காப்பாற்றியது பட்டா இல்லாத தண்ணீரும், ஏறாத வாடகையும், இறங்கிப்போன வியாபாரமும். பட்டியலும் பலகையும் பிறகு வந்தவை. கட்டடங்கள் இப்போது பத்திரம். அவற்றில் குடியிருந்தவர்கள் பத்திரம் என்று என்னால் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்கு ஒன்று. துறைகளுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், சியூவோடு நிறுத்தாமல் தான், லீ வரை நடந்து பாருங்கள். பல வாசல்களில் படம் எடுக்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது யாரோ ஒருவரின் வீடு, கேமராவை இறக்கிவிடுங்கள். அடுத்த இதழில் ஆயர் ஈத்தாமுக்கும் தண்ணீர்மலைக்கும் போவோம்.