ஃபோர்வீல் ஆக்கினேன், பிறகு பழையபடி மாற்றினேன்

“என்னிடம் பழைய டூவீல் டிரைவ் பிக்கப் இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் மழைக்காலத்தில் ஏறவில்லை. அதை ஃபோர்வீலாக மாற்றலாமா? எவ்வளவு செலவாகும்?” என்று போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் மலைப்பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் என் வீட்டுக்காரி, “நீங்களே பதில் எழுதுங்க. அந்தப் படிப்புக்கு ஃபீஸ் கட்டினது என் சங்கிலிதானே” என்றாள். எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், பெரும்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில் இருக்கிறது. மூன்றரை ஏக்கரில் காபி, நிழல் மரங்களில் மிளகுக்கொடி, ஊடே மலைவாழை. தார்ச்சாலையில் இருந்து தோட்டத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் மண்பாதை. அதில் கடைசி 300 மீட்டர்தான் எமன். காபிப் பழம் பழுப்பதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே நேரத்தில். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் உரிக்க வேண்டும். ஒரு ராத்திரி சாக்கில் கிடந்தாலே சூடேறிப் புளித்துவிடும். எங்கள் பல்ப்பர் ரோட்டோர வீட்டில் இருக்கிறது. வண்டி ஏறாத நாளில் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிக் குதிரைக்காரரைக் கூப்பிடுவோம். மழை நாளில் குதிரைக்கும் கிராக்கி.

என்னிடம் இருந்தது ஜீப் வழிவந்த பழைய பிக்கப். முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங், முன் ஆக்ஸில் வெறும் இரும்புக் கட்டை. இந்த மாதிரி வண்டியில்தான் இந்த வேலையை யோசிக்கவே முடியும். முன் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் இருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

2016 ஆவணியில் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 85,000 ரூபாயோடு இறங்கினேன். முன் ஆக்ஸில் ஒன்றை வாங்கி மாட்டினால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணன் சிரித்தார். என்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும். அது கியர்பாக்ஸின் வாலில் உட்காருவதால் கியர்பாக்ஸையும் சேர்த்து ஒரே வண்டியில் இருந்து எடுப்பதுதான் நல்லது. முன்னால் ஒரு ஜாயின்ட் புதிதாக வரும். பின் ஜாயின்ட்டை வெட்டிக் குறுக்கி, லேத்தில் பேலன்ஸ் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஜாயின்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ, முன் ஆக்ஸிலின் கிரவுன் உருண்டையும் அதே பக்கம் இருக்க வேண்டும். அந்த உருண்டை என்ஜின் ஆயில் சம்பை இடிக்காமல் இருக்க ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் பிரேக் ஹோஸ் நீளம் பற்றாது. ஒன்றைத் தொட்டால் நாலு வேலை. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து சாமான் சேர்த்தோம்.

நான் செய்த முதல் தப்பு அங்கேதான். ஆக்ஸிலுக்குள் கிரவுனும் பினியனும் எத்தனை பல் என்று எண்ணவில்லை. என் வண்டியின் பின் ஆக்ஸிலில் கிரவுன் 39 பல், பினியன் 8. அதாவது 4.88. வாங்கி வந்த முன் ஆக்ஸில் 43-க்கு 8, அதாவது 5.38. பின் டயர் 11 சுற்றுச் சுற்ற நினைக்கும் நேரத்தில் முன் டயர் 10 சுற்றுத்தான் சுற்றும். சேற்றில் டயர் வழுக்குவதால் வித்தியாசம் தெரியவில்லை. தார்ச்சாலை ஏறியதும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறியது. ஃபோர்வீல் லீவர் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் முன் ஜாயின்ட்டின் கிராஸ் ‘டணார்’ என்று உடைந்தது. முன் கிரவுன்-பினியனைப் பின்பக்கத்துக்குப் பொருத்தமாக மாற்ற மேலும் 18,000.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற டயர்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விடுவித்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் ஜாயின்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.88. ஐந்தே காலையும் தாண்டினால் 5.38. வாங்கப்போகும் ஆக்ஸிலில் மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணிவிடலாம். நாலு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ரேஷியோ சரியாக இருந்தாலும், இந்த மாதிரி வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்வீலில் ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிகத் தூரம் போகும். அந்த முறுக்கு எல்லாம் ஜாயின்ட்டிலும் கியரிலும்தான் போய் ஏறும்.

சரிசெய்த பிறகு வண்டி ஓடிய ஓட்டத்தைப் பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும். லோ கியரில் போட்டால் அந்த 300 மீட்டரை மாடு மாதிரி நிதானமாக ஏறியது. இரண்டு சீசன் ஒரு மூட்டை பழம்கூடப் புளிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வாடகைக்குக் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. எஃப்.சி.க்குப் போகும்போது முன் ஜாயின்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவேன். ஆர்.சி.யில் இந்த மாற்றத்தை நான் பதியவே இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல். நாகப்பட்டினத்துப் பக்கம் கரையைக் கடந்த புயல் எங்கள் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. நாலாம் நாள் பாதையைச் சரிசெய்து, மிச்சப் பழத்தை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பக்கத்தில் மச்சான். “மெதுவா விடுங்க மாமா” என்றார். “ஃபோர்வீல்டா” என்றேன். ஃபோர்வீல் ஏறுவதற்கு உதவும். பிரேக் அடித்தால் சேற்றில் நாலு டயரும் நின்று வழுக்குவதை அது தடுக்காது. அதோடு, ஸ்பிரிங்கை உயர்த்தியதால் வண்டி முன்பைவிட உயரம். மேலே மூட்டைப் பாரம் வேறு. வளைவில் பின்பக்கம் ஒதுங்கி, வண்டி ஓடைப் பக்கம் சாய்ந்தது. சில்வர் ஓக் மரம் ஒன்று தாங்கியதால் உயிர் பிழைத்தோம். மச்சானுக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அவர் வேலைக்குப் போகவில்லை. என் தங்கை என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து குனிந்து பார்த்ததும் முன் ஆக்ஸிலைக் கண்டார். ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. ஆனால், சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். கேள்வி கேட்ட வாசகர் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகட்டும். எழுத்தில் அனுமதி கிடைக்காவிட்டால் சாமான் வாங்க வேண்டாம். ஃபோர்வீல் இல்லாமல் முடியவே முடியாது என்றால், ஆர்.சி.யிலேயே அப்படிப் பதிவான பழைய ஜீப்பைத் தேடுங்கள். மாற்றும் செலவோடு கொஞ்சம் சேர்த்தால் ஓரளவு நல்ல வண்டியே கிடைக்கும்.

2019-ல் வண்டியைப் பழையபடி டூவீலாக மாற்றினேன். அதற்கும் செலவுதான். பிறகு ஒரு கோடைக்கு நானும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து அந்த 300 மீட்டரில் கைவைத்தோம். மேல்பக்கம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினோம். பாதை முழுக்கப் போட வசதியில்லாததால், சக்கரம் உருளும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் அடுக்கி கான்கிரீட் போட்டோம்; வழுக்காமல் இருக்க ஈரத்திலேயே குறுக்கே கோடு கிழித்துவிட்டோம். என் பங்குக்கு ஆன செலவு ஃபோர்வீலுக்குக் கொட்டியதில் பாதிகூட இல்லை. காலியாக ஏறும்போது மட்டும் பின்பக்கம் நாலு மூட்டை மணலைப் போட்டுக்கொள்கிறேன். ரொம்ப மழை என்றால் குதிரைக்காரருக்குப் போன்.

கழற்றிய முன் ஆக்ஸில் காபிக் களத்தின் ஓரத்தில் கிடக்கிறது. மச்சான் சாயங்காலம் அதன் மேல் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்.