கடைமாணாக்கனின் வகுப்பறை

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகையாகப் பகுக்கிறார். அன்னமும் ஆவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒத்தோர் கடைமாணாக்கர். ஓட்டைக் குடம் ஊற்றிய நீரைத் தாங்காது. ஆடோ, ஒரு செடியில் தழை நிறைந்திருந்தாலும் அங்கே நில்லாமல் அடுத்த செடிக்குப் போய்விடும். இளங்கலை வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் பக்கத்து இருக்கைக்காரனைப் பார்த்துச் சிரிப்பார்கள். உயிருள்ள உவமைகள் அல்லவா! ஆனால் எங்கள் மகனுக்கு ஏழு வயது நிறைந்த ஆண்டிலிருந்து அந்தச் சிரிப்பில் எங்களால் கலந்துகொள்ள முடியவில்லை.

பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே பவணந்தியாரின் ஊர் என்பது கொங்கு நாட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அப்படியானால் அவர் கண்ட ஆடு எங்கள் மண்ணின் ஆடாகவே இருந்திருக்க வேண்டும். வெய்யிலும் வேலமரமும் நிறைந்த இந்த மேட்டு நிலத்தில், வெள்ளாடு செடிக்குச் செடி தாவியே பிழைக்கிறது. மகனின் நிலையை மருத்துவர் சொன்னபோது, காங்கயம் பக்கத்தில் ஆடு மாடு வைத்திருக்கும் அவனுடைய அப்பிச்சி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாப்பிள்ளைங்க, வெள்ளாடு ஒரே செடியில நின்னு மேஞ்சுதுன்னா, அதுக்குத்தான் ஏதோ சீக்குன்னு நாங்க பாப்போமுங்க" என்றார். அது மருத்துவம் அன்று. ஆயினும் அந்த வாரத்தில் எங்களுக்கு ஆறுதலாக இருந்த ஒரே வாக்கியம் அதுதான்.

கவனம் நிலைகொள்ளாமையும் அளவு மீறிய துடிப்பும் சேர்ந்த இந்நிலையை மருத்துவ உலகம் ஏ.டி.எச்.டி. என்கிறது. இது நேற்று முளைத்த நாகரிக நோய் என்று சொல்வோர் உண்டு. பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவரான ஹைன்ரிஹ் ஹாஃப்மன் 1840-களில் குழந்தைகளுக்காக வெளியிட்ட படப் புத்தகத்தில், உணவு மேசையில் அசையாமல் அமர இயலாத பிலிப் என்ற சிறுவன் வருகிறான். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுக்குறைவு ஏதுமின்றியே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பெயர்தான் புதியது, குழந்தை பழையது.

எங்கள் ஊரைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. கோவை மாவட்டத்தின் நான்கு பள்ளிகளில், 6 முதல் 11 வயது வரையுள்ள 770 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியானது. அவர்களுள் 11.32 விழுக்காட்டினரிடம் இந்நிலை காணப்பட்டது. உலக ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2007-இல் வெளியான கணக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. அளவிடும் முறைகள் வேறுவேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையன்று. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் இரண்டு வெள்ளாடுகள் இருக்கின்றன. கோவை ஆய்வில் எங்களை உறுத்திய செய்தி இன்னொன்று: நடுத்தரக் குடும்பங்களைவிட ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளிடம் விகிதம் இருமடங்குக்கும் மேல். இதனிடம் பின்னர் திரும்பி வருவோம்.

*

மூன்றாம் வகுப்பின் நடுவில் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். பள்ளியின் பெயர் வேண்டாம்; ஆசிரியை கொடியவரும் அல்லர். நாற்பத்து மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடும் ஒருவனை அவர் என்ன செய்ய முடியும்? முதலில் அவனைக் கதவருகில் அமர்த்தினார். பிறகு கதவுக்கு வெளியே. அதன்பின் நிர்வாகம் எங்களை அழைத்து, "உங்கள் குழந்தைக்குப் பொருத்தமான வேறு இடம்" என்று இனிமையாகச் சொன்னது.

கொங்கு நாட்டில் 'பொருத்தமான இடம்' என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நாமக்கல்லையும் திருச்செங்கோட்டையும் சுற்றி எழுந்த உறைவிடப் பள்ளிகளுக்கு மக்கள் வைத்த பெயர் பிராய்லர் பள்ளிகள். கோழிப் பண்ணைக்குப் பெயர்போன மாவட்டத்தில் இவ்வுவமையை யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பொதுத்தேர்வில் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. ஆனால் தரவரிசை போனாலும், அதைப் பெறுவதற்காகக் கட்டப்பட்ட நாள்முறை போய்விடவில்லை. விடியுமுன் தொடங்கி இரவு வரை அசையாமல் அமர்ந்திருப்பதே இங்குப் படிப்பு. அசைகிறவன் படிக்காதவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியைத் தேரும் உரிமையைக் கடுமையான அல்லது பலவகைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே அது தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தன் பெயரில் இடம்பெறவில்லை. ஆக, எங்கள் மகன் ஒரு சட்டத்தின் சந்துக்கும் இன்னொரு சட்டத்தின் இடைவெளிக்கும் நடுவே நின்று வாய்ப்பாடு படித்தான்.

காங்கயம் வட்டாரத்தில் கொறங்காடு என்றொரு மேய்ச்சல் முறை உண்டு. கிளுவையை உயிர்வேலியாக நட்டு நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். கால்நடையை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவன் வேண்டியதில்லை. ஒரு பாத்தி மேய்ந்து முடிந்தால் அடுத்ததைத் திறப்பார்கள். எங்கள் வீட்டுப் பள்ளிக்கு மாதிரி வேறெங்கும் கிடைக்கவில்லை. இதுவே கிடைத்தது.

ஒரு பாடத்துக்குப் பதினைந்து நிமிடம், அதுதான் வேலி. வேலிக்குள் அவன் நிற்கலாம், நடக்கலாம், தரையில் படுக்கலாம். மணி அடித்தால் படல் திறக்கும். ஐந்து நிமிடம் முற்றத்தில் ஓட்டம். பின்பு அடுத்த பாத்தி. வாய்ப்பாட்டைத் தூரியில் ஆடிக்கொண்டே சொன்னான். கூட்டல் கழித்தலை ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் இருநூறு ரூபாயும் ஒரு பையும் கொடுத்துக் கற்பித்தோம். மீதிச் சில்லறை தவறினால் அடுத்த முறை வாழைப்பழம் இல்லை! பெரியபுராணக் கதைகளை நாங்கள் சொல்ல, அவன் கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டே கேட்டான். நடக்கும்போது கேட்டவை அவனிடம் தங்கின. உட்கார வைத்துச் சொன்னவை இல்லிக்குடத்து நீராயின.

இந்நிலையைப் பற்றி வெளியார் அறிய வேண்டியது ஒன்று. இது கவனமே இல்லாத நிலை அன்று. கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆட்சி தளர்ந்த நிலை. எங்கள் தெருமுனையில் மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. பம்புசெட்டு ஊரில் இது புதுமையில்லை. எரிந்துபோன காயிலைப் பிரித்துப் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றும்போது, சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகக் கூடாது. பத்து நிமிடம் எழுதமாட்டாதவன் அங்கே ஒரு மணி நேரம் நின்று, கடைக்கார அண்ணனோடு சேர்ந்து சுற்றுகளை எண்ணினான். பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிற வேலையில் அவன் நிற்பான். பலன் மார்ச் மாதத் தேர்வில்தான் தெரியும் என்றால் நிற்க மாட்டான். இது சோம்பலும் அன்று, திமிரும் அன்று.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகன் மருத்துவர் தந்த மாத்திரையை எடுத்துக்கொள்கிறான். உறவினர் சிலர் மந்திரிக்கச் சொன்னார்கள். சிலர் பச்சைக் குழந்தைக்கு மாத்திரையா என்று கண்கலங்கினார்கள். அமெரிக்காவில் 579 குழந்தைகளைப் பதினான்கு மாதம் பின்தொடர்ந்து 1999-இல் வெளியான பெரும் ஆய்வில், கவனமின்மை, துடிப்பு ஆகியவற்றைத் தணிப்பதில், நடத்தைப் பயிற்சியை மட்டும் நம்பியதைவிட முறையாகக் கண்காணித்த மருந்து நன்கு பயன்பட்டது. பழகும் திறன் போன்ற பிறவற்றில் இரண்டும் சேர்ந்த முறை சற்றுக் கூடுதல் நன்மை தந்தது. எங்கள் அனுபவமும் இதனோடு முரண்படவில்லை. மாத்திரை காற்றைத் தணிக்கும். விளக்கை நாம்தான் ஏற்ற வேண்டும்.

*

பள்ளியை விட்ட பிள்ளை என்றதும் கோவையில் எல்லோரும் ஒருவரைத்தான் நினைவூட்டுவார்கள். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு தொடக்கப் பள்ளியையே முடிக்காதவர். ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கியவர். 1937-இல் இந்திய மின்மோட்டார் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. "நாயுடு என்ன படித்தார்?" என்று எங்களைத் தேற்றாத நண்பரில்லை.

அன்புக்கு நன்றி. ஆனால் இந்தத் தேறுதலை நாங்கள் ஏற்பதில்லை. மறைந்த மனிதருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது அழகன்று என்பது ஒரு காரணம். மற்றொன்று, பள்ளியை விட்டு நாயுடு ஆனவர் ஒருவர். விட்டுப் பஞ்சாலைக்கும் பட்டறைக்கும் போய்ப் பெயரற்றுப் போனவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு அருங்காட்சியகம் இல்லை. மேதையாவான் என்ற வாக்குறுதி இல்லாமலும் ஒரு குழந்தைக்குக் கற்கும் உரிமை உண்டு.

வீட்டுவழிக் கல்வியைப் புகழும் கட்டுரையாக இதை வாசிப்போரும் இருக்கலாம். அவர்களுக்கு மறுமொழியும் பவணந்தியாரிடமே இருக்கிறது. கடைமாணாக்கரைப் பழித்த அதே பாயிரத்தில் அவர் ஒரு கணக்கும் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் வாங்கிக்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால். தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரை நிரம்பும். இதன்படி, பெற்றோர் இருவர் எவ்வளவு முயன்றாலும் வீட்டில் தரக்கூடியது முதற்காலை மட்டும்தான்.

மற்ற முக்காலுக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் பெரிது. படித்ததை ஞாயிறுதோறும் அப்பிச்சிக்கு விளக்க வேண்டும் என்று வைத்தோம். "எனக்கு வெளங்கலையே சாமி, மறுக்காச் சொல்லு" என்று அவர் கேட்கக் கேட்க அவன் தெளிந்தான். ரீவைண்டிங் அண்ணனுக்குக் காந்தப் புலத்தைப் பற்றிச் சொன்னான். அவர் கைப்பழக்கமாக அறிந்ததற்கு இவன் புத்தகப் பெயர் வைத்தான். ஆனால் ஒத்த வயதுப் பிள்ளைகள்? மாலை மைதானத்தில் அவர்கள் பள்ளிக் கதைகளைப் பேசும்போது இவன் ஓரத்தில் நிற்பான். எந்தப் பாத்தியைத் திறந்தும் அந்தக் காற்பங்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

செலவும் உண்டு. கல்லூரியில் மதிய ஷிப்ட் என்பதால் எங்களில் ஒருவருக்குக் காலைப்பொழுது கிடைத்தது. மற்றவர் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவு வேலையை விட்டார். எவர் என்று வாசகர் எளிதில் ஊகிப்பர். ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பம் நடக்கும் என்றால்தான் இந்தக் கொறங்காட்டுக்கு வேலி கட்ட முடியும். கோவை ஆய்வு சொன்ன ஏழை வீட்டுக் குழந்தைகளின் தாய்மார் காலை எட்டு மணிக்கு மில் வாசலில் நிற்கிறவர்கள். அந்தக் குழந்தைகள் வகுப்பறைக் கதவுக்கு வெளியே நின்றால், அவர்களுக்குப் பின்னால் வீடு என்றொரு பள்ளி காத்திருக்கவில்லை.

ஆகையால் நாங்கள் கண்டவற்றைப் பள்ளிக்கே திருப்பித் தர விரும்புகிறோம். பாடத்தைச் சிறு துண்டுகளாக்கலாம். நின்றுகொண்டு எழுத ஓர் உயர்ந்த பலகை போடலாம். கரும்பலகை துடைக்கவும் நோட்டு அடுக்கவும் அவனையே அழைக்கலாம். படித்ததை அவனே இன்னொரு பிள்ளைக்குச் சொல்லட்டும். பலனை மார்ச் வரை தள்ளாமல் அன்றே ஒரு சொல்லால் காட்டலாம். இவற்றுள் எதற்கும் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. வகுப்பில் நாற்பத்து மூவர் என்பது மட்டும் குறைய வேண்டும். அது ஆசிரியர் கையில் இல்லை, நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

மகனுக்கு வரும் ஆவணியில் பதினான்கு நிறைகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதும் வயது அது. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை; ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக முடிக்கலாம். அவனுக்கென்றே வகுத்ததுபோல் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறோம்.

அவனோ, அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேரட்டுமா என்று கேட்கிறான். ஏன் என்றதற்கு, "அங்க ஆளுங்க இருப்பாங்கல்ல" என்றான். பவணந்தியாரின் இரண்டாம் காற்பங்கை அவனாகவே கேட்கிறான் என்று எங்களுக்குத் தோன்றியது. மறுபடியும் கதவுக்கு வெளியே நிற்க நேருமோ என்ற அச்சம் எங்களை விடவில்லை. ஆனாலும் திங்களன்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதுதான் நாங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி.