ஹீற்றரில் குளிர் காற்று



போன தை மாதம், மஃரிப் முடிந்த நேரம். அனலைதீவு ஆசிரியர் விடுதிக்கு ஒரு அம்மா போனும் கையுமாக வந்தா. எங்களிடம் படித்த அவவின் மகன் ரொறன்ரோவிலிருந்து லைனில் நின்றார். அங்கே விடிகாலை, வெளியே மைனஸ் 15.

"சேர், காரில ஹீற்றரைப் போட்டா குளிர் காத்துத்தான் வருது. பின் சீற்றில பிள்ளை."

ஹீற்றர் கண்ட ஊரில்லை இது. ஆனால் விஞ்ஞானம் எங்கும் ஒன்றுதானே. பெற்றோல் காரில் ஹீற்றருக்கென்று தனி அடுப்பு இல்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்தான் சூடேறி, உள்ளே ஒரு சின்ன றேடியேற்றருக்குள் ஓடும். விசிறி அதன் மேல் ஊதும். என்ஜினைப் போட்டதும் தண்ணி பீச்சுதா என்று எங்கட வள்ளக்காரர் பார்ப்பார்களே, அதே கணக்கு.

"பிள்ளையை வீட்டுக்குள்ள விடு. என்ஜினை நிப்பாட்டி, ஆறின பிறகு கூலன்ற் தாங்கியைப் பார். சூட்டோட மூடியைத் திறந்திடாதே" என்றோம்.

திரவம் அடிக்கோட்டுக்கும் கீழே. உரிய கூலன்ற் ஊற்றியதும் சூடு வந்தது. "சரி சேர்" என்றார்.

"இருந்த திரவம் எங்க போனது?" என்று கேட்டோம்.

கராஜில் பார்த்தால் குழாய் இணைப்பில் கசிவு. அப்படியே ஓடியிருந்தால் என்ஜினே போயிருக்கும்.

தாங்கி நிறைவாக இருந்தும் குளிர்ந்தால், வெப்பம் காட்டும் முள்ளைப் பாருங்கோ. ஓடியும் அது ஏறாவிட்டால் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்கலாம்.

மறுநாள் அந்த அம்மா வந்து, "பேரனுக்கு இப்ப குளிரேல்லையாம்" என்று சொல்லிப் போனா.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கோ: ஹீற்றர் குளிர்ந்தால், முதலில் என்ஜினைப் பார்க்க வேணும்.