வாரா வாரம் கல்யாணம்

கேரளம் 1996இல் சாராயத்தைத் தடை செய்தது. பிறகு மாதத்தின் 1ஆம் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறையும் விட்டது. பாறசாலைக்காரர்களுக்கு இதனால் என்ன? சில கிலோமீட்டரில் களியக்காவிளை, தமிழ்நாடு. என் கணவர் பட்டப்பகலில் அங்கே போய்க் குடித்துவிட்டுத் தள்ளாடி வருவார், வெட்கப்பட்டதில்லை. குடியை விடுவதற்குத்தான் வெட்கம். நெய்யாற்றின்கரையில் சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்குத் திருவனந்தபுரம்வரை பஸ் ஏறினார்.

1935இல் அமெரிக்காவில் குடியால் நொந்த இருவர் தொடங்கிய அமைப்பு. கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் கேட்பதில்லை. குடும்பத்தினரும் வரக்கூடிய கூட்டம் அது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மலையாளத்தில் பேசியவர்களுக்கு நடுவே இவர் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்றார், தமிழில். வீட்டில் 12 வருடமாக நான் கேட்காத வார்த்தை.

எங்கே என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், 'ஒரு கல்யாணம்' என்கிறார். ஆடி மாதத்திலும்.