ஆறு மணிக்கு மேல் அட்லாண்டிக்

கப்பலின் சாப்பாட்டு அறைக்குள் நுழைய என்ன உடுத்த வேண்டும்? மாறிக்கொண்டே இருக்கும் ஒரு விதியோடு ஏழு இரவுகள்.

மாலை 5.45. குவீன் மேரி 2 கப்பலின் நீண்ட நடைகூடங்களில் வரிசையாகக் கதவுகள் சாத்தப்படுகின்றன. சற்று முன்புவரை டிராக் பேண்ட்டும் கான்வாஸ் ஷூவுமாக மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள்தான் உள்ளே போகிறார்கள். கதவு மறுபடி திறக்கும்போது வெளியே வருபவர் வேறு ஆள். கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு போ டை. பின்னாலேயே தரையைத் தொடும் கவுனில் ஒரு மூதாட்டி. லிஃப்டில் செண்ட் வாசனையோடு லேசாகப் பாச்சை உருண்டை வாசனையும் கலந்திருக்கிறது. பெட்டிக்குள் ஆண்டு முழுவதும் காத்திருந்த துணிகளுக்கு இன்று விடுதலை.

ஜன்னல் இல்லாத எங்கள் சிறிய அறையில் நிலைமை அவ்வளவு சுமுகமாக இல்லை. என் மனைவி மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு பத்தே நிமிடத்தில் தயார். நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம், தம்பியின் கல்யாண வரவேற்புக்காகத் தைத்த கறுப்பு சூட். மறுபக்கம், சரிகைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி.

“என்னங்க, மணி ஆறாகப் போகுது. ஒண்ணு அதைக் கட்டுங்க, இல்ல இதை மாட்டுங்க” என்கிறாள்.

சௌதாம்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுப் பயணம். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போக விமானத்தில் எட்டு மணி நேரம் போதும். ஒருமுறையாவது கடல் வழியே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது. மேற்கு நோக்கிப் போவதால் பெரும்பாலான இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். நாளுக்கு 25 மணி நேரம். செய்வதற்கு ஒன்றுமில்லாத ஊரில் உடுத்துவது ஒரு முழுநேர வேலையாகிவிடுகிறது.

விதி எளிமையானதுதான். பகலில் என்ன வேண்டுமானாலும் உடுத்தலாம். மாலை 6 மணிக்கு மேல் ‘ஸ்மார்ட்’ உடை. சட்டை, பேண்ட், கிழிசல் இல்லாத ஜீன்ஸ்கூடப் பரவாயில்லை. கோட்டு உங்கள் விருப்பம். ஏழில் இரண்டு இரவுகள் மட்டும் ‘காலா’ இரவுகள். ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிற சூட், பெண்களுக்குக் கவுன். விருப்பமில்லாதவர்களை யாரும் பட்டினி போடுவதில்லை. கிங்ஸ் கோர்ட் என்ற பஃபே கூடத்திலும் கோல்டன் லயன் என்ற மதுக்கூடத்திலும் சாப்பிடலாம். ஆனால் பெரிய படிக்கட்டும் உயரமான கூரையும் கொண்ட பிரிட்டானியா உணவுக்கூடத்துக்கும், குவீன்ஸ் ரூம் என்ற நடன அரங்குக்கும் அன்று இரவு அலங்காரம் இல்லாமல் போக முடியாது. விலை உயர்ந்த அறைக்காரர்களுக்குத் தனியாக ‘கிரில்’ உணவகங்கள் இருக்கின்றன. உடை விதி எல்லோருக்கும் ஒன்று, மேசைதான் வேறு.

மொழிபெயர்ப்பதே பிழைப்பாக உள்ளவன் நான். ஆனால் இந்த விதியைத் தமிழில் சொல்ல முயன்று தோற்றேன். ‘ஃபார்மல்’ என்பதற்கு அகராதி ‘முறைசார்ந்த’ என்கிறது. முறைசார்ந்த உடை என்றால் நம்மில் யாருக்கு என்ன புரியும்? நமக்கும் உடை ஒழுங்கு உண்டு. கல்யாணத்துக்குப் பட்டு, துக்க வீட்டுக்குச் சாதாரணப் புடவை, கோயிலுக்குத் துவைத்த வேட்டி. ஆனால் நாம் உடை மாற்றுவது நிகழ்ச்சியைப் பார்த்து. ஆங்கிலேயர் மாற்றியது கடிகாரத்தைப் பார்த்து. எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில், நடுக்கடலில், ஆறு மணி ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கழுத்தில் போ கட்டிக்கொள்வது நம் மரபில் இல்லாத விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த டின்னர் ஜாக்கெட்டே ஒரு காலத்தில் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது. கனவான்கள் இரவு விருந்துக்கு வால் வைத்த கோட்டுதான் அணிய வேண்டும். பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசருக்கு அது தொல்லையாக இருந்தது. 1865-ல் லண்டனின் ஹென்றி பூல் தையல் நிறுவனத்திடம், கிராமத்து மாளிகையில் சாவகாசமாகச் சாப்பிடும்போது அணிய வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்து வாங்கினார். அன்றைய சலுகைதான் இன்றைய கட்டாயம்.

அந்தக் காலக் கப்பல்களில் உடையே எல்லைக்கோடு. முதல் வகுப்புப் பயணி ஒவ்வோர் இரவும் உடை மாற்றுவார். முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் விலக்கு; பெட்டிகள் பிரிக்கப்பட்டிருக்காது, அல்லது கட்டப்பட்டிருக்கும். அடித்தட்டில் பயணம் செய்தவர்களுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. 1912 ஏப்ரலில் இதே சௌதாம்டனிலிருந்து புறப்பட்டது டைட்டானிக். கப்பல் மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும் அமெரிக்கக் கோடீஸ்வரர் பெஞ்சமின் குகன்ஹைம் உயிர்காக்கும் அங்கியைக் கழற்றிவிட்டு மாலை உடைக்கு மாறினார் என்பது பிழைத்தவர்கள் சொன்ன செய்தி. சாகும்போதும் ஆறு மணிக்கு மேல் என்ன உடுத்துவது என்பதை அவர் மறக்கவில்லை.

பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே ஓடிய பி அண்ட் ஓ கப்பல்களிலும் இதே சம்பிரதாயம்தான். ஆனால் சூயஸைத் தாண்டியதும் வெயில் வேலையைக் காட்டும். செங்கடலின் புழுக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு சூப் குடிக்க எந்தக் கனவானாலும் முடியவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை, இடுப்பில் பட்டைத் துணியோடு சாப்பிட உட்காரும் வழக்கம் பிறந்தது. அதற்குச் ‘செங்கடல் உடை’ என்றே பெயர். அந்தக் கனவான்களுக்குப் பரிமாறிய வெள்ளைச் சீருடைக்காரர்களில் பலர் கோவாக்காரர்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட இந்தியர்களை மேல்தளத்துக்காரர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அந்தக் கடல் வழியில் போன ஒருவரின் கதை இன்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஞாபகம் வருகிறது. 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எதில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே சாப்பிட்டுக்கொண்டு நாள்களைக் கழித்தார். கப்பலில் கறுப்பு சூட் அணிந்தவர், கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இறங்கிப் பார்த்தால், வெள்ளை உடுத்திய ஒரே ஆள் அவர்தான். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை; பெட்டிகள் ஏஜெண்டிடம் போய்விட்டன. அந்த வெட்கத்தைச் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

33 ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். இன்னும் பத்தாண்டுகள் கழித்து, 1931 ஆகஸ்டில், வட்டமேஜை மாநாட்டுக்காக பி அண்ட் ஓவின் ராஜ்புதனா கப்பலில் இரண்டாம் வகுப்பில் ஏறினார். அதே அரையாடை, மேலே ஒரு சால்வை. அந்த உடையிலேயே பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போனார். கடலும் கடல் வழியும் மாறவில்லை. அவர்தான் மாறியிருந்தார்.

கப்பல்களின் விதி மாறியதற்கு இப்படிப்பட்ட மன மாற்றம் எதுவும் காரணமில்லை. வியாபாரம்தான் காரணம். 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும், ஊர் போய்ச் சேரக் கப்பல் ஏறுவோர் குறைந்தார்கள். கப்பல் முதலாளிகள் பயணத்தை விட்டுவிட்டு விடுமுறையை விற்க ஆரம்பித்தார்கள். 1972-ல் அமெரிக்காவில் கார்னிவல் நிறுவனம் தொடங்கியது. ‘குதூகலக் கப்பல்’ என்பதே அதன் விளம்பரம். 2000-ல் நார்வீஜியன் நிறுவனம் குறித்த மேசை, குறித்த நேரம், கட்டாய ஃபார்மல் இரவு எல்லாவற்றையும் கைவிட்டது. 2008-ல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கின. துறைமுகத்துக்கு விமானத்தில் வரும் பயணிக்கு ஒரே ஓர் இரவுக்காக சூட்டும் ஷூவும் சுமந்து வருவது செலவாகிவிட்டது. 2015-ல் செலிபிரிட்டி, ஹாலந்து அமெரிக்கா போன்ற நிறுவனங்களும் ‘ஃபார்மல்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு மெல்லிய சொற்களைப் போட்டுக்கொண்டன.

அப்படியானால் நான் பயணம் செய்யும் கப்பலில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? இதை நடத்தும் குனார்டை 1998-ல் வாங்கியதே அந்தக் குதூகலக் கப்பல் கார்னிவல்தான். ஒரு கடையில் அரைக்கால் சட்டையை விற்கிறார்கள். பக்கத்துக் கடையில் போ டையை விற்கிறார்கள். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அன்று யாரை உள்ளே விடக்கூடாது என்பதற்காக இருந்த விதி, இன்று காசு கொடுத்து ஒரு வாரம் அனுபவிக்கும் சுகமாகிவிட்டது. அடுத்த மேசை முதியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்றார். அவருடைய தாத்தா காலத்தில் அவரை இந்தக் கூடத்துக்குள் விட்டிருக்க மாட்டார்கள். இன்று வாடகை கோட்டில் ராஜாபோல உட்கார்ந்திருக்கிறார். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சரி, வேட்டி? விதிப் புத்தகத்தில் ‘தேசிய உடைக்கும் வரவேற்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. அது ஸ்காட்லாந்துக்காரரின் பாவாடையை மனதில் வைத்து எழுதப்பட்டதாக இருக்கலாம். புடவைக்கு உலகில் எந்த வாசலிலும் விளக்கம் தேவைப்படுவதில்லை. வேட்டிக்கு நம் ஊரிலேயே தேவைப்பட்டது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசலில் தடுத்தார்கள். அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் அட்லாண்டிக்கில் செல்லாது. இங்கே தடுத்தால் திரும்பிப் போய் பஃபேயில் சாப்பிட வேண்டியதுதான்.

சூட்டை அலமாரியில் மாட்டினேன். வேட்டியைக் கட்டினேன்.

பிரிட்டானியா கூடத்தின் வாசலில் வரவேற்க நின்ற பெண் எங்களைப் பார்த்துப் புன்னகைத்து, மேசை எண்ணைச் சொன்னாள். அவ்வளவுதான். இரண்டு நாளாக நான் மனதில் தயாரித்து வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு அமெரிக்கப் பெண்மணி மட்டும் மனைவியின் புடவையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். என் வேட்டியை யாரும் தொட்டுப் பார்க்க ஆசைப்படவில்லை.

ஒருவர் மட்டும் கவனித்தார். எங்கள் மேசைக்குப் பரிமாறும் இளைஞர். மூன்று நாளாக ‘சார்’, ‘மேடம்’ என்று ஆங்கிலத்தில் மட்டுமே பேசியவர். சூப் கிண்ணத்தை வைக்கக் குனிந்தபோது காதருகில் சொன்னார்: “அண்ணாச்சி, வேட்டி பிரமாதம். ஒட்டிக்கோவா? டெக் பக்கம் காத்து பலமா இருக்கும், பாத்துக்கோங்க.”

தூத்துக்குடிக்காரர். எட்டு மாத ஒப்பந்தம். ஊரில் அம்மாவும் கல்யாணமாகாத தங்கையும். சாப்பாடு முடியும்வரை நான்கைந்து முறை வந்துபோனார். மற்றவர்கள் காதில் விழும்போது ‘சார்’. குனியும்போது ‘அண்ணாச்சி’.

“உங்களுக்கு இந்த டிரஸ் விதியெல்லாம் தொல்லையா இல்லையா?” என்று கேட்டேன்.

சீருடைக் கோட்டின் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். “எங்களுக்கு தினமும் காலா நைட்தான் அண்ணாச்சி.”

வெளியே கடல் இருட்டாக இருந்தது. குவீன்ஸ் ரூமில் வாத்தியக் குழு வால்ட்ஸ் வாசித்தது. பேருந்து ஓட்டுநரும் மனைவியும் மெதுவாகச் சுற்றினார்கள். விதி எவ்வளவு தளர்ந்தாலும் அது தளர்ந்தது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

கடைசி இரவு, பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிடும்படி அறிவிப்பு வந்தது. ‘காலையில் உடுத்த வேண்டியதை மறக்காமல் வெளியே எடுத்துவையுங்கள்’ என்று ஒரு எச்சரிக்கை. ஃபிளானல் சூட் ஞாபகத்தில் நான் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன். விடியும் முன்பே கப்பல் வெரசானோ பாலத்தின் அடியில் நுழைந்தது. புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீட்டர்தான். மேல்தளத்தில் எல்லோரும் கழுத்தை அண்ணாந்து நின்றார்கள். சற்று நேரத்தில் சுதந்திர தேவி சிலை.

புரூக்ளின் துறைமுகத்தில் பெட்டிக்காக வரிசை. டீ சர்ட், ஜீன்ஸ், கசங்கிய ஜெர்கின். யார் கிரிலில் சாப்பிட்டவர், யார் பிரிட்டானியாவில் சாப்பிட்டவர் என்று கண்டுபிடிக்க முடியாது. நானும் பேண்ட் சட்டைதான்.

இறங்கும் வழியில் தூத்துக்குடித் தம்பியைப் பார்த்தோம். இஸ்திரி கலையாத அதே சீருடை. கை கொடுத்தார். அன்று மாலையே கப்பல் இங்கிலாந்துக்குத் திரும்புகிறது. ஆறு மணிக்குள் கூடத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.